சம்பந்தியின் குரலுக்கு நான் சொன்ன சொல்

1

சென்ற ஜூலையில் நான் ஒரு பொய் சொன்னேன். ஒரே ஒரு சொல்தான், அதுவும் ஆங்கிலத்தில். இராமநாதபுரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த வாய் அதைச் சொன்னது. தெரியாமல் சொன்னதல்ல. சரியான சொல் நாக்கின் நுனியில் இருக்க, அதை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

ஊரில் இருக்கும் நீங்கள் வெளிநாட்டுக் குறிப்பு என்றால் பனி, மேப்பிள் மரம், பேரங்காடி என்று எதிர்பார்ப்பீர்கள். அவற்றைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த ஒன்றைச் சொல்லி முடிக்காமல் வேறு எதையும் எழுத முடியவில்லை.

நான் கடலாடிப் பக்கத்துக்காரன். மனைவி இறந்த மறு ஆண்டு மகன் செந்தில் என்னைக் கனடாவுக்கு அழைத்துக்கொண்டான். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருக்கும் சிறிய ஊர் இது. ஏரி என்று பெயர்தான், மறுகரை தெரியாது. மருமகள் கயல் பாம்பன்காரி. இருவரும் கல்லூரியில் பழகி மணந்துகொண்டவர்கள். பேத்தி இனியாவுக்குச் சென்ற ஆண்டு பத்து வயது.

போன வாரம் இனியாவின் பாய்ப்படகுச் சங்கத்திலிருந்து இந்தக் கோடைக்கான படிவம் வந்தது. பயிற்சியின்போது கரைக்கு வரக்கூடிய பெரியவர்களின் பெயர்களைப் பெற்றோர் எழுதித் தர வேண்டும். கயல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். என் பெயரை எழுதினாள். பிறகு பேனாவை வைத்துவிட்டாள்.

"அப்பா பேரு வேணாம் மாமா. இந்த வருசம் வரமாட்டேங்கறாரு. டிக்கெட் போடவான்னு மூணு தடவை கேட்டுட்டேன்."

"ஏம்மா?"

"நான் கத்துற ஆளு, புள்ளைக்கு அங்கன அசிங்கம்னு சொல்றாரு. போன்லகூட இப்பல்லாம் மெதுவாப் பேசுறாரு. எங்கப்பாவா இதுன்னு இருக்கு. உடம்பு ஏதும் சரியில்லையோன்னு பயமா இருக்கு மாமா."

அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும்.

2

பத்தாம் வகுப்புக்கு நான் ஆண்டுதோறும் விரும்பி நடத்திய பாடம் ஒன்று உண்டு. அது பாடநூலில் இல்லாதது, நானே தொகுத்தது. கரும்பலகையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பதினாறு சொற்கள். எல்லாம் மனிதனும் விலங்கும் உரக்கக் குரல் எழுப்புவதைக் குறிப்பவை.

'ஷவுட்' பொதுச்சொல், எங்கும் பொருந்தும். 'யெல்' என்றால் அதில் கோபமோ அவசரமோ இருக்கும். 'பெல்லோ' காளை மாட்டின் குரல், மாடு மாதிரிக் கத்தும் மனிதனுக்கும் சொல்லலாம். 'ரோர்' சிங்கத்துக்கும் கடலுக்கும். 'ஹவுல்' ஓநாய்க்கும், ஆறாத துயரத்துக்கும். குழந்தை வாய்விட்டு அழுதால் 'பால்'. மகிழ்ச்சியில் துள்ளிக் கூவினால் 'வூப்'. 'ஸ்கிரீம்' என்பது பயத்தில், வலியில், அல்லது தன் கட்டுப்பாட்டை இழந்த வெறியில் வருவது. 'ஹெயில்' என்பது தொலைவில் போகும் படகையோ வண்டியையோ கவனம் ஈர்க்கக் கூவி அழைப்பது. ஒவ்வொன்றையும் நானே குரல் எழுப்பிக் காட்ட மாட்டேன். சாக்பீஸால் தட்டித் தட்டி விளக்குவேன். என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. அதனால்தான் அந்தச் சொற்களின் மேல் எனக்கு அத்தனை ஆசை என்று இப்போது தோன்றுகிறது.

"சார், குலவைக்கு என்ன சார்?" என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள்.

"அது நம்ம பட்டியல்ல இல்ல. உக்காரு."

வகுப்பே சிரித்தது. அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது என்று பிறகு அகராதியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவளிடம் போய்ச் சொல்லவில்லை.

கனடாவில் வந்து இறங்கியபோது என் ஆங்கிலத்தை நம்பித்தான் இறங்கினேன். கடைக்காரப் பெண் நான் சொல்வதை மூன்று முறை கேட்டுவிட்டு, "அட்டையா, ரொக்கமா?" என்று தொடர்பில்லாமல் கேட்பாள். "யூ சவுண்ட் லைக் எ புக், தாத்தா" என்று இனியா சொல்லுவாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன், ஒரு வாரம். என் பதினாறு சொற்களில் ஒன்றுக்குக்கூட இந்தத் தெருவில் வேலை இல்லை. இங்கே யாரும் கத்துவதில்லை. எதிர்வீட்டு நாய்கூடத் தொண்டையைச் செருமிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளும். பள்ளியில் குழந்தைகளுக்கு 'உள் குரல்', 'வெளிக் குரல்' என்று இரண்டு குரல்களைப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். கட்டடத்துக்குள் எப்போதும் உள் குரல்தான்.

இனியாவுக்கு நான் தமிழ் கற்பித்தேன். தினமும் அரை மணி நேரம், கோடு போட்ட நோட்டு, சிவப்பு மை. ஐந்து ஆண்டுகளில் அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். தானாக ஒரு வாக்கியம் தமிழில் என்னிடம் சொன்னதில்லை.

3

முனியசாமி, என் சம்பந்தி, சென்ற ஆண்டு ஏப்ரல் இறுதியில் ஆறு மாத விசாவில் வந்தார். அவர் மனைவி விமானத்துக்குப் பயந்து வரவில்லை.

அவர் தொழிலைச் சொல்ல வேண்டும். பாம்பனில் கரைவலை இழுப்பவர்களோடு நாற்பது ஆண்டு இருந்தவர். வலையை ஏற்றிக்கொண்டு வள்ளம் கடலுக்குள் அரைவட்டம் போட்டுத் திரும்பும். அது எங்கே வளைய வேண்டும், எந்தப் பக்கம் மீன் திரும்புகிறது, எப்போது காற்று மாறுகிறது என்று கரையில் நின்று குரல் கொடுக்க ஒருவர் வேண்டும். அவர்தான் இவர். துண்டைச் சுழற்றிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கூவுவார். நான் சொற்களைக் கற்பித்துச் சம்பாதித்தேன், அவர் குரலையே தொழிலாக வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஒரே வயதுக்காரர்கள்தான் நாங்கள், ஆனாலும் என்னை 'சார்' என்றுதான் அழைப்பார். சம்பந்தி என்று அழைக்கச் சொன்னதில்லை நானும்.

விமான நிலையத்திலேயே தொடங்கிவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டியோடு வந்தவர் இந்தப் பக்கம் கயலைப் பார்த்ததும் ஒரு குரல் கொடுத்தார். வார்த்தை இல்லை. நீண்ட ஒரு ஓசை, மேலே ஏறி, முடிவில் வெட்டினாற்போல் நின்றது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். சீருடைக்காரர் ஒருவர் வேகமாக வந்தார். கயல் அதற்குள் ஓடிவிட்டாள், சிரிப்பும் அழுகையுமாக. நான் வந்து இறங்கிய நாளில் என் மகன் எனக்குக் கைகொடுத்தான். அதுதான் நினைவுக்கு வந்தது.

"அது எங்க வீட்டுக் கூப்பாடு சார்" என்றார் வண்டியில். "காத்துல வார்த்தை நிக்காது. பேரச் சொல்லிக் கூப்புட்டா பாதி பேரு அங்கனயே விழுந்துரும். சத்தம் மட்டுந்தான் போய்ச் சேரும். வீட்டுக்கு வீடு வெட்டு வேற. எங்க வெட்டு கேட்டா எங்க ஆளு திரும்பும்."

பத்து நாளில் இனியா அந்த வெட்டைப் பிடித்துக்கொண்டாள். குளியலறையில் கூவினாள். மாடிப்படியில் கூவினாள். பள்ளியிலிருந்து கடிதம் வந்தது: உங்கள் பெண் அண்மைக் காலமாகக் கட்டடத்துக்குள் வெளிக் குரலைப் பயன்படுத்துகிறாள். அந்தக் கடிதத்தைக் கயலுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன், நிறுத்தி, தெளிவான உச்சரிப்போடு. எனக்குள் ஒரு திருப்தி. கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, உங்க பேத்திக்கு ஸ்கூல்லேருந்து ஓலை வந்திருக்கு!"

"ஏத்தா இனியா, மாட்டிக்கிட்டியா?" என்றார் அவர்.

"மாத்திக்கிட்டேன்!" என்றாள் அவள். தப்பும் தவறுமாக, ஆனால் தமிழில், தானாக.

அன்று தமிழ் நோட்டை நான் திறக்கவில்லை.

எதிர்வீட்டில் மனுவேல் என்று ஒரு போர்த்துக்கீசியக் கிழவர். ஐந்து ஆண்டுகளாக அவருக்கும் எனக்கும் தலையசைப்புதான் பழக்கம். முனியசாமி வந்த இரண்டாம் வாரம் அவர்கள் இருவரும் மனுவேலின் கார்க் கொட்டகையில் உட்கார்ந்து மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பாம்பன் தமிழில் கத்த, மற்றவர் தம் மொழியில் கத்த, இடையிடையே இருவரும் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் பேசுவது உங்களுக்குப் புரிகிறதா என்று மனுவேலிடம் நான் என் நல்ல ஆங்கிலத்தில் கேட்டேன். "அவர் தெளிவாகப் பேசுகிறார்" என்றார்.

எனக்கு உள்ளே மிக மோசமாக எரிந்தது பள்ளி வாசலில்தான். ஐந்து ஆண்டுகளாக மழையிலும் பனியிலும் இனியாவை அழைத்து வர அந்த வாசலில் நிற்கிறேன். அவள் தலையைக் குனிந்தபடி வந்து, பையை என் கையில் கொடுத்துவிட்டு நடப்பாள். இப்போது நாங்கள் இருவரும் போய் நின்றோம். சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தே அவள் கையை உயர்த்தி அந்தக் கூப்பாட்டைக் கொடுத்தாள். எத்தனையோ பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமே இல்லை. முனியசாமி பதில் கூப்பாடு கொடுத்தார். நான் நடுவில் நின்றேன். பையை அன்றும் என் கையில்தான் கொடுத்தாள்.

அதுவரை இருவருமே அவளுக்குத் தாத்தா. அவர் பாம்பன் தாத்தா, நான் வெறும் தாத்தா. ஜூன் முடிவதற்குள் தாத்தா என்றாலே அவர் என்றாகிவிட்டது. நான் வீட்டுத் தாத்தா ஆனேன்.

4

ஜூலையில் பாய்ப்படகுப் பயிற்சி தொடங்கியது. ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சிறு படகு, ஒற்றைப் பாய். குழந்தைகள் எல்லோருக்கும் மிதவைச் சட்டை உண்டு. சங்கத்தின் பயிற்சியாளர்கள் விசில் வைத்திருப்பார்கள். பெற்றோர் கரையில் மடக்கு நாற்காலிகளில் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

முனியசாமி வீட்டுப் பின்புறத்தில் படுக்கை விரிப்பைக் கட்டி இனியாவுக்குத் தனிப்பாடம் நடத்தினார். ஜன்னலுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பாயப் பாக்காதத்தா. பாய் பொய் சொல்லும். தண்ணியப் பாரு. தூரத்துல தண்ணி கருத்து, சுருங்கிக்கிட்டு வந்துச்சுன்னா காத்து வருதுன்னு அர்த்தம். நான் கரையிலேருந்து கூப்புடுவேன். கூப்புட்டா என்ன செய்யணும்?"

"கயிறு விடணும். குனியணும்."

"விட்டுட்டு அழுவியா?"

"மாட்டேன்!"

மூன்றாம் வாரம், சனிக்கிழமை. கயலும் செந்திலும் வேலைக்குப் போயிருந்தார்கள். நாங்கள் இருவரும்தான் இனியாவைக் கூட்டிப் போனோம். ஏரி கண்ணாடி போல இருந்தது. எட்டுப் படகுகள். நான் நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று பக்கத்து நாற்காலி விழுந்தது. முனியசாமி கால்சட்டையோடு தண்ணீருக்குள் ஓடினார். இடுப்பளவு இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினார். கூவினார். விமான நிலையத்தில் கேட்டது அதில் பாதிகூட இல்லை. கரையில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண் பயந்துபோய்த் தன் தொலைபேசியை எடுத்தாள். பயிற்சியாளர்கள் அவரை நோக்கி விசில் ஊதினார்கள். ஒரு படகில் இருந்த சிறுமி அவரைப் பார்த்து மிரண்டு எழுந்து நின்றாள். படகு சாய்ந்து தண்ணீரில் விழுந்தாள்.

நான் தூரத்தில் பார்த்தேன். தண்ணீர் கருத்து, சுருங்கிக்கொண்டு வந்தது. அதை நானும் பார்த்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அடுத்த நிமிடம் காற்று வந்து அடித்தது. மூன்று படகுகள் கவிழ்ந்தன. இனியாவின் பாய் கயிறு விடப்பட்டுப் படபடத்தது. அவள் படகுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் படகு கவிழவில்லை.

யாருக்கும் அடிபடவில்லை. எல்லோரையும் கரைக்குக் கொண்டுவந்து போர்வை போர்த்தினார்கள். அந்தப் பெண் அழைத்ததால் காவல்துறை வண்டி ஒன்றும் வந்து நின்றது. விழுந்த சிறுமி அழுதாள். அந்தக் கிழவர் கத்தியதால்தான் விழுந்தேன் என்றாள், அது உண்மையும்கூட. அவள் தாய் கொதித்துப்போயிருந்தாள்.

5

சங்கத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் ஹெதர் என்ற அம்மையார். கையில் நான்கு பக்கப் படிவம். அதில் 'குரல் சார்ந்த நடத்தை' என்று ஒரு பகுதி இருந்தது. எதிரே சிறு கட்டங்கள்: உரத்த குரல், கூவி அழைத்தல், சத்தம் போடுதல், வெறிக்கூச்சல், மிரட்டல். பார்த்ததும் எனக்கு என் கரும்பலகை நினைவு வந்தது.

முனியசாமிக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்க்க நான் இருந்தேன். அவர் ஈரக் கால்சட்டையோடு என் பக்கத்தில் நின்றார். இனியா போர்வைக்குள் இருந்தபடி எங்கள் இருவருக்கும் நடுவில்.

ஹெதர் நிதானமானவர். என்னிடம் பொறுமையாகக் கேட்டார்: "எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக வேண்டும். அவர் யாரையாவது எச்சரிக்கக் கூவி அழைத்தாரா? அல்லது குழந்தைகளைப் பார்த்து வெறிக்கூச்சல் போட்டாரா?"

முதலில் அவர் சொன்ன சொல் 'ஹெயில்'. இரண்டாவது 'ஸ்கிரீம்'. இரண்டையும் என் முன்னால் தட்டில் வைத்து நீட்டினார். அவருக்கு ஒன்றும் கெட்ட எண்ணம் இல்லை.

"ஸ்கிரீம்" என்றேன். "அவர் சுபாவமே அப்படி. கட்டுப்படுத்திக்கொள்ள முடியாது."

கட்டத்தில் பேனா விழுந்தது.

"என்ன சார் சொல்றாக?" என்று முனியசாமி கேட்டார். "காத்து வருதுன்னு கூப்புட்டேன்னு சொன்னீகளா?"

"சொன்னேன். ஆனா நீங்க கத்துனதுல பிள்ளைக பயந்துபோச்சாம். இங்கெல்லாம் அப்படிக் கத்தக்கூடாதாம்."

அவர் முகம் சுருங்கியது. அழுதுகொண்டிருந்த சிறுமியைப் பார்த்தார். பிறகு ஹெதருக்கு முன்னால் போய் நின்று, ஈரத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டார். கோயிலில் கும்பிடுவது போல, தலை குனிந்து. அந்தச் சிறுமியின் தாயையும் கும்பிட்டார். அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஹெதர் அவசரமாக, பரவாயில்லை, பரவாயில்லை என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர் இனிச் சங்கத்தின் கரைக்கு வரக்கூடாது என்று எழுதினார்கள். நான் சாட்சியாகக் கையெழுத்திட்டேன். பெற்றோருக்கான நகலை என் கையில் கொடுத்தார்கள்; அதை நான் வீட்டில் காட்டவில்லை, அவரும் வெட்கத்தில் மகளிடம் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் வண்டிக்கு நடக்கும்போது இனியா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஆங்கிலத்தில் கேட்டாள்: "ஏன் ஸ்கிரீம்னு சொன்னீங்க? அது ஸ்கிரீம் இல்லை."

"ஒரு சொல்தானே கண்ணு. எல்லாம் ஒன்றுதான்."

"நீங்க இங்கிலீஷ் டீச்சர்" என்றாள்.

அதற்கு மேல் நான் செய்தது, முதலில் செய்ததைவிடக் கேவலமானது. காவல்துறை வண்டியைக் காட்டினேன். இதைப் பற்றி வீட்டில் பேசினால் பாம்பன் தாத்தாவுக்குத்தான் சிக்கல், விசாவில் எழுதிவிடுவார்கள் என்றேன். பத்து வயதுப் பிள்ளை. நம்பினாள். அவரைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொண்டாள். இதுவரை திறக்கவில்லை.

அதன் பிறகு முனியசாமி தெருவில் நடக்கும்போதுகூடக் குரலைத் தாழ்த்தினார். மனுவேல் கொட்டகையிலிருந்து கையசைத்து அழைப்பார், இவர் தலையை மட்டும் அசைப்பார். மாலையில் இனியாவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக என்னோடு வருவதையும் நிறுத்திவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க சார், எனக்குக் கால் வலிக்குது" என்பார். அக்டோபர் வரை இருக்க வேண்டியவர் ஆகஸ்டிலேயே கிளம்பிவிட்டார்.

செப்டம்பரில் பள்ளி வாசலில் மறுபடியும் நான் தனியாக நின்றேன். நான் விரும்பியது கிடைத்துவிட்டது. இனியா தலையைக் குனிந்தபடி வந்து பையைக் கொடுத்தாள். "தேங்க் யூ, தாத்தா" என்றாள். மரியாதையான உள் குரல். பத்து மாதமாக அந்தக் குரலில்தான் என்னோடு பேசுகிறாள். தமிழ் நோட்டில் நான் சொல்வதையெல்லாம் எழுதுகிறாள். பிழையே வருவதில்லை.

6

கயல் பேனாவை வைத்துவிட்ட அன்று இரண்டு மணி நேரம் அறையில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் சங்கத்துக்குப் போனேன். ஹெதர் என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். சென்ற ஆண்டு சொன்னதைத் திருத்த வேண்டும் என்றேன்.

அதற்கும் ஒரு படிவம் இருந்தது. முன்பு சொன்னது என்ன, இப்போது சொல்வது என்ன, திருத்தத்துக்கான காரணம் என்ன. முதல் இரண்டு பத்திகளை எளிதில் நிரப்பினேன். காற்று வருவதை அவர் முன்கூட்டியே பார்த்தார், பேத்தியை எச்சரிக்கக் கூவினார், அவர் ஊரில் அது வழக்கம், அதனால்தான் அவள் படகு கவிழவில்லை. மூன்றாவதில் ஒரே சொல் எழுதினேன். பொறாமை.

ஹெதர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதன் நகல் குழந்தையின் பெற்றோருக்குப் போகும். அது விதி. நீங்கள் விரும்பினால் மொழிபெயர்ப்புப் பிழை என்று போட்டுக்கொள்ளலாம். அடிக்கடி நடப்பதுதான்."

எவ்வளவு நல்ல வழி. அதைக் கேட்டதும் என் கை பேனாவை நோக்கிப் போனது, மறைக்கவில்லை. முப்பத்தொரு ஆண்டு ஆசிரியனுக்கு ஒரு சொல் தவறிவிட்டது என்றால் கயல் மன்னித்துவிடுவாள். செந்தில் கேலி செய்வான். இனியா ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும், அவள் எப்படியும் பேச மாட்டாள்.

அவள் பேச மாட்டாள் என்று நினைத்த இடத்தில்தான் கை நின்றது.

"பிழை இல்லை. எழுதியபடியே இருக்கட்டும்" என்றேன். முனியசாமிக்கு இருந்த தடையை நீக்கி அவர் கையெழுத்திட்டார்.

மாலையில் கயல் வந்தாள். வாசலிலேயே நின்று தொலைபேசியில் படித்தாள். காலணியைக் கழற்றாமல் நின்றுகொண்டே முழுவதும் படித்தாள்.

"மாமா, சோறு எடுத்துவச்சுச் சாப்டுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். செந்தில் வந்து என் எதிரே உட்கார்ந்தான். தன் தொலைபேசிக்கு வந்திருந்த நகலை இன்னொரு முறை படித்தான். பிறகு, "அம்மா இருந்திருந்தா உங்ககிட்ட பேசியிருக்க மாட்டாங்க" என்றான். அவன் சொன்னது சரி.

7

மறுநாள் சனிக்கிழமை காலை. ஊரில் மாலை. கயல் தொலைபேசியை என் முன்னால் மேசையில் வைத்தாள்.

"அப்பா லைன்ல இருக்காரு. நான் ஒண்ணும் சொல்லலை."

ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு எதிர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சார், நல்லாருக்கீகளா?" என்றது குரல். நான் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது.

சொன்னேன். அன்று ஹெதர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், அதற்குத் தமிழில் என்ன பொருள், அவரிடம் திருப்பி என்ன சொன்னேன், இனியாவை எப்படி வாயடைக்க வைத்தேன். இப்போது எழுத்தில் திருத்திக் கொடுத்துவிட்டதையும் சொன்னேன். இடையில் நிறுத்தினால் தொடர முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அந்தப் பக்கம் அலைச் சத்தம் பெரிதானது; கரையை நோக்கி நடக்கிறார் போலிருந்தது.

"அப்ப நான் தப்பாக் கூப்புடலையா?" என்றார் கடைசியில்.

"இல்ல. நீங்க கூப்புட்டதுனாலதான் அவ படகு நின்னுச்சு."

"எதுக்கு சார் அப்படிச் சொன்னீக?"

"பொறாமை."

"எம்மேலயா?" சிரிக்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். "எங்கிட்ட என்ன சார் இருக்கு? புள்ள உங்க கூட இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு நீங்க கூட்டிப் போறீக, கூட்டி வாரீக. நான் ஆறு மாசத்துக்கு வந்துட்டுப் போற ஆளு."

பேசாமல் இருந்திருக்கலாம். வாத்தியார் புத்தி விடவில்லை. எல்லாவற்றையும் பதிவில் சரிசெய்தாகிவிட்டது, இனி நீங்கள் தாராளமாகக் கரைக்கு வரலாம், தடை இல்லை என்றேன்.

"பேப்பர்ல மாத்திட்டீக!" என்றார். குரல் ஏறத் தொடங்கியது. "பேப்பர்ல மாத்திட்டீக சார், சரி. நான் அந்தம்மாவக் கும்புட்டேனே! அத்தன பேரு முன்னால, எம்பேத்தி முன்னால, செய்யாத தப்புக்குக் கையெடுத்துக் கும்புட்டேனே! அத எதுல சார் மாத்துவீக? பக்கத்துலதான நின்னீக? வாய்க்குள்ள என்னத்த வச்சிருந்தீக அப்ப?"

மேசையில் இருந்த தொலைபேசி அதிர்ந்தது. கயல் கட்டியிருந்த கையை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். மேலும் சொன்னார். என் படிப்பை, என் கண்ணாடியை, என் நாற்காலியைச் சொன்னார். பாம்பன் கரையில் நின்று ஒருவர் முழுக் குரலில் ஏசினால் எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒன்றுகூட எனக்குப் பொருந்தாத சொல் இல்லை.

மாடிப்படியில் தடதடவென்று கால் சத்தம். இரவு உடையோடு இனியா இறங்கி ஓடிவந்தாள்.

"பாம்பன் தாத்தாவா? கத்துறாங்களா?"

"இந்தக் கோடைக்கு வாங்க" என்று நான் தொலைபேசியைப் பார்த்துச் சொன்னேன். "வருவீகளா?"

"அதக் கயலுட்ட சொல்லிக்கிறேன்" என்றார்.

இனியா என்னைப் பார்த்தாள், தன் அம்மாவைப் பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை. தொலைபேசியை எடுத்துக்கொண்டு பின்புறத் தோட்டத்துக்கு ஓடினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் ஏதோ கேட்பதும், கையை ஆட்டி ஆட்டிச் சொல்வதும் தெரிந்தது. என்ன பேசுகிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கயல் எழுந்து கதவைத் திறந்து வெளியே போய், பின்னால் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் பிறகு, அப்போதும் எனக்கு எரிந்தது.